டேலியும் இருக்கட்டும், லினக்ஸும் வரட்டும்: ஒரே லேப்டாப்பில் இரண்டு ஓஎஸ்

திண்டுக்கல்லில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இந்த லேப்டாப்ப இனி வச்சுக்கலாமா, மாத்திரணுமா?"

வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். இன்டெல் ஏழாம் தலைமுறை வரைக்குமான பிராசஸர்களில் ஏறக்குறைய எதுவுமே விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. ஆனால் அந்த மெஷின்களில் எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கிவிட்டால் இன்னும் பல வருஷம் நன்றாக உழைக்கும். பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் வரை அப்டேட் நீட்டிப்பு உண்டு. அதற்குப் பிறகும் மெஷினை விட மனசில்லை, விண்டோஸையும் விட முடியாது என்றால், அதோடு லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ்ஸையும் (ஓஎஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) சேர்த்து இரண்டு ஓஎஸ் போடுவதே சரியான வழி.

போன மாதம் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் அக்கா கொண்டுவந்த லெனோவா லேப்டாப்பை வைத்தே முழுவதும் சொல்கிறேன். ஏழாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. அவருக்குக் கணக்கு எழுதும் டேலி மென்பொருள் வேண்டும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேலை செய்ய வேண்டும். இரண்டும் விண்டோஸில் ஓடுகின்றன. மற்றபடி மெயில், பேங்க், பையனின் காலேஜ் புரோகிராமிங், யூடியூப் எல்லாம் எந்த ஓஎஸ்ஸிலும் நடக்கும். "தம்பி, என்ன வேணா பண்ணுங்க, டேலி மட்டும் போயிரக்கூடாது" என்றார். நெட் வேலை முழுவதும் லினக்ஸுக்குப் போய்விட்டால் அப்டேட் நின்ற விண்டோஸ் வெளியுலகத்தைப் பார்ப்பதே குறைந்துவிடும். டேலியும் டோக்கனும் தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் அது திறந்தால் போதும்.

இதில் விநோதம் ஒன்றுமில்லை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸா, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸா என்று கேட்ட பட்டியல் அன்றைய பிளஸ் டூ பிள்ளைகள் பலருக்கு நினைவிருக்கும். அதே ஏற்பாட்டைத்தான் நாம் கையால் செய்யப்போகிறோம்.

இது எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. காலேஜ் லேபுக்காக லினக்ஸ் கட்டளைகள் மட்டும் பழக வேண்டும் என்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதியைப் போட்டுக்கொள்ளலாம். 16 ஜிபி ரேம் இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸில் முழு லினக்ஸையும் ஒரு ஜன்னலுக்குள் ஓட்டலாம். 8 ஜிபி மெஷினில் அப்படி ஓட்டினால் இரண்டுமே திணறும். பழைய மெஷின், ரேம் குறைவு, லினக்ஸைத் தினமும் பயன்படுத்த வேண்டும் என்கிறவர்களுக்கு, ஆன் செய்யும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் டூயல் பூட்தான் பொருந்தும்.

விண்டோஸ் பக்கத்து வேலை

லினக்ஸ் போடும் வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கவனம் தேவைப்படுவது அதற்கு முன்னால், விண்டோஸுக்குள் செய்யும் வேலையில். டேட்டா போச்சு என்று கடைக்கு வந்த டூயல் பூட் மெஷின்களில் பெரும்பாலானவை இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்தவைதான்.

முதலில் பேக்கப். டேலி டேட்டா ஃபோல்டர், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், போட்டோ எல்லாவற்றையும் வெளி ஹார்ட்டிஸ்க்கில் காப்பி எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் சொருகித் திறந்து பாருங்கள். அக்காவின் டேலி கம்பெனியை என் கடை மெஷினில் திறந்து, கடைசி வவுச்சர் வரை இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொன்னேன். அவர் தலையசைத்த பிறகுதான் அடுத்த வேலை.

இரண்டாவது, என்கிரிப்ஷன், அதாவது டிஸ்க்கில் இருப்பதைக் கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி வைப்பது. செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் ஆனில் இருக்கிறதா பாருங்கள். புது விண்டோஸ் 11 மெஷின்களில் நீங்கள் கேட்காமலேயே ஆனில் இருக்கும். பூட் அமைப்பில் கை வைத்ததும் அது 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். கீ இல்லை என்றால் டேட்டா போனதுதான், எந்தக் கடைக்காரராலும் மீட்டுத் தர முடியாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டுக்குள் போய் அந்தக் கீயை எடுத்து, பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, அது முழுவதும் முடியும்வரை காத்திருங்கள்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் எழுந்திரிக்க வேண்டும் என்று தன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்குகிறது. கடையைப் பூட்டாமல் ஷட்டரை மட்டும் இறக்கிவிட்டுப் போகிற மாதிரி. அந்த நிலையில் லினக்ஸில் போய் சி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. வலுக்கட்டாயமாக எழுதினால் ஃபைல்கள் கெடும். ஒரு கட்டளையில் இதை நிறுத்தலாம். போனில் சொல்வதுபோல் சொல்கிறேன்: கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ‘பவர்’ என்று அடித்து, ஒட்டினாற்போல் சி-எஃப்-ஜி, ஓர் இடைவெளி, ஸ்லாஷ் எச், மறுபடி ஓர் இடைவெளி, ‘ஆஃப்’. என்டர் தட்டினால் ஹைபர்னேஷனும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்தே போய்விடும். எஸ்எஸ்டி இருக்கும் மெஷினில் வேகம் குறைந்ததாகவே தெரியாது.

நான்காவது, மெஷின் எந்த முறையில் பூட் ஆகிறது என்பது. ரன் பெட்டியில் எம்-எஸ்-இன்ஃபோ-32 என்று அடித்தால் வரும் பட்டியலில் ‘பயாஸ் மோட்’ என்ற வரி இருக்கும் (பயாஸ் என்பது ஓஎஸ்ஸுக்கு முன்னால் மெஷினை எழுப்பும் அடிப்படை நிரல்). யூஇஎஃப்ஐ என்ற புது முறை இருந்தால் நல்லது. லெகசி என்றிருந்தால் அது பழைய எம்பிஆர் டிஸ்க். அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு (டிஸ்க்கில் பிரித்த துண்டு) மேல் போட முடியாது, அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். எதுவாக இருந்தாலும் விண்டோஸ் பூட் ஆகும் அதே முறையில்தான் லினக்ஸ் பென்டிரைவும் பூட் ஆக வேண்டும். ஒன்று இந்த முறை, மற்றொன்று அந்த முறை என்று கலந்துவிட்டால் ஓஎஸ் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் இரண்டும் சேர்ந்து வராது.

இடம் ஒதுக்குவது

256 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 238 ஜிபி என்றுதான் காட்டும், பயப்பட வேண்டாம். நாம் போடப்போகும் லினக்ஸ் வகையான லினக்ஸ் மின்ட்டுக்குக் குறைந்தபட்சம் 20 ஜிபி கேட்பார்கள். நான் 60-க்குக் கீழே கொடுப்பதில்லை. அக்காவின் மெஷினுக்கு 70 ஜிபி ஒதுக்க முடிவு செய்தோம்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குள் போனால் சி டிரைவ் பெரிய கட்டமாகத் தெரியும். அதில் ரைட் கிளிக், ‘ஷ்ரிங்க் வால்யூம்’. எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை எம்பி கணக்கில் கேட்கும். ஒரு ஜிபிக்கு 1024 எம்பி என்பதால் 70 ஜிபிக்கு 71680 என்று போட வேண்டும்.

சிக்கல் இங்கேதான் வரும். சி டிரைவில் 130 ஜிபி காலியாக இருந்தும் 41 ஜிபிக்கு மேல் தர மாட்டேன் என்றது. காலி இடத்தின் நடுவில் நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று உட்கார்ந்திருந்தால் விண்டோஸ் அதுவரைக்கும்தான் சுருங்கும். நகராதவை பெரும்பாலும் மூன்று: ஹைபர்னேஷன் ஃபைல், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரிஸ்டோர் பாயின்ட்டுகள். முதலாவதை ஏற்கெனவே நிறுத்திவிட்டோம். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், மறுபடி அட்வான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரி என்று உள்ளே போய் ‘நோ பேஜிங் ஃபைல்’ கொடுத்தேன். சிஸ்டம் ப்ரொடெக்ஷனை டிசேபிள் செய்தேன். ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஷ்ரிங்க் கேட்டபோது 100 ஜிபிக்கு மேல் தரத் தயாராக இருந்தது. 71680 போட்டுச் சுருக்கிய கையோடு பேஜ் ஃபைலையும் ப்ரொடெக்ஷனையும் பழையபடி ஆன் செய்துவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

சுருக்கிய இடம் கறுப்புப் பட்டையோடு ‘அன்அலொகேட்டட்’ என்று நிற்கும். அப்படியே விடுங்கள், அதை ஃபார்மட் அடிக்கவோ டிரைவ் எழுத்துக் கொடுக்கவோ கூடாது. லினக்ஸ் இன்ஸ்டாலரிலேயே பார்ட்டிஷனைச் சுருக்கும் வசதி உண்டுதான். ஆனாலும் விண்டோஸின் வீட்டை விண்டோஸே சுருக்குவதுதான் பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து. ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் ஒழுங்காக வருகிறதா, டேலி திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

பென்டிரைவ்

முதன்முதலாக லினக்ஸுக்கு வருகிறவர்களுக்கு நான் போட்டுக்கொடுப்பது லினக்ஸ் மின்ட். ஸ்டார்ட் மெனு, கீழே டாஸ்க்பார் என்று விண்டோஸ் பழகிய கைக்குத் தடுமாற்றம் இல்லை. 22-ஆம் வரிசை உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் உண்டு. 8 ஜிபி ரேமுக்கு சின்னமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு.

மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள். 8 ஜிபி பென்டிரைவ் போதும், அதிலிருப்பது அழிந்துவிடும். ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதித் தரும் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுத்ததும், பக்கத்தில் இருக்கும் டிக் குறி பட்டனை அழுத்தினால் ஃபைலின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணக்கிட்டுக் காட்டும். மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். நம்மூர் நெட்டில் பாதியில் அறுந்து இறங்கிய ஃபைல்கள் இன்ஸ்டால் நடுவில் மண்டையைக் காய வைக்கும், அதனால் இந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

பென்டிரைவில் பூட் செய்ய லெனோவாவிலும் டெல்லிலும் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஸ்கேப் தட்டி எஃப்9, அசூஸில் எஸ்கேப். பென்டிரைவ் பெயர் இரண்டு முறை தெரிந்தால் முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் எழ விடும் செக்யூர் பூட் பாதுகாப்பை ஆஃப் செய்ய வேண்டியதில்லை, மின்ட் அதோடு ஒத்துப்போகும்.

இன்ஸ்டால் செய்யாமலேயே மின்ட் திரையில் வந்து நிற்கும். இங்கே நிதானமாகச் சோதியுங்கள். வைஃபை, சவுண்ட், டச்பேட், கேமரா, வெளிச்சம் கூட்டிக் குறைப்பது. மூடியை மூடித் திறந்தால் திரை திரும்ப வருகிறதா என்பதையும் பாருங்கள். வைஃபை மட்டும் வரவில்லை என்றால் போனை கேபிளில் சொருகி யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள், நெட் உடனே வந்துவிடும். இன்ஸ்டால் முடிந்ததும் அதே நெட்டில் டிரைவர் மேனேஜர் வழியாக வைஃபை டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

கை நடுங்க வேண்டிய ஒரே திரை

டெஸ்க்டாப்பில் இருக்கும் ‘இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்’ படத்தை அமுக்கி, மொழி, கீபோர்டு எல்லாம் கொடுத்துக்கொண்டே போனால் ‘இன்ஸ்டாலேஷன் டைப்’ என்ற திரை வரும். இதில் ‘இரேஸ் டிஸ்க்’ என்று ஒரு வரி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்தால் விண்டோஸ், டேலி, ரெக்கவரி எல்லாம் ஒட்டுமொத்தமாகக் காலி. ‘அலாங்சைட்’ என்ற வரி தானாகப் பார்த்து இடம் போட்டுக்கொள்ளும், பெரும்பாலும் சரியாகவே செய்யும். ஆனாலும் நான் எப்போதும் ‘சம்திங் எல்ஸ்’ தான் எடுப்பேன். எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அதில் டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியல் வரும். அக்காவின் மெஷினில் முதலில் 100 எம்பி அளவில் இஎஃப்ஐ, அடுத்து 16 எம்பியில் மைக்ரோசாஃப்ட் தனக்கென்று வைத்துக்கொண்ட துண்டு, பிறகு என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல்களை அடுக்கும் முறை) என்று பெரிய சி டிரைவ், அதையொட்டி நாம் ஒதுக்கிய ‘ஃப்ரீ ஸ்பேஸ்’, கடைசியில் 500 எம்பி அளவில் ரெக்கவரி. இங்கே ஒரு ஜிபிக்கு 1000 எம்பி என்ற கணக்கு, அதனால் 70 ஜிபி என்பது 75 ஆயிரத்துச் சொச்சம் என்று தெரியும். அந்த ஃப்ரீ ஸ்பேஸ் வரியை மட்டும் தேர்ந்தெடுத்து, கீழே இருக்கும் கூட்டல் குறியை அழுத்துங்கள். அளவை மாற்ற வேண்டாம். ‘யூஸ் ஆஸ்’ என்பதில் லினக்ஸ் ஃபைல்களை அடுக்கும் முறையான எக்ஸ்ட்-4, ‘மவுன்ட் பாயின்ட்’ என்பதில் வெறும் ஸ்லாஷ். ஓகே. ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் தேவையில்லை, அதைத் தானாகவே ஒரு ஃபைலாக உருவாக்கிக்கொள்ளும். இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யவே கூடாது, விண்டோஸின் பூட் ஃபைல்கள் அதற்குள்தான் இருக்கின்றன.

‘இன்ஸ்டால் நவ்’ அழுத்தியதும் எந்தெந்தப் பார்ட்டிஷன் ஃபார்மட் ஆகப்போகிறது என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். எல்லோரும் படிக்காமல் தட்டிவிட்டுப் போகும் பெட்டி இது. நிறுத்திப் படியுங்கள். எக்ஸ்ட்-4 என்று ஒரே ஒரு வரிதான் இருக்க வேண்டும். அதில் என்டிஎஃப்எஸ் சம்பந்தப்பட்ட எது தெரிந்தாலும் ‘கோ பேக்’. இந்த நொடி வரை டிஸ்க்கில் எதுவும் மாறவில்லை, பின்வாங்குவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

டிஸ்க்கே பட்டியலில் இல்லையா? பயாஸில் ஸ்டோரேஜ், அதாவது மெஷின் டிஸ்க்கோடு பேசும் முறை, ‘ஆர்எஸ்டி’ என்று இருக்கலாம், ‘ஏஎச்சிஐ’ ஆக்க வேண்டும். ஆனால் நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸில் எம்-எஸ்-கான்ஃபிக் திறந்து, பூட் பகுதியில் ‘சேஃப் பூட்’ டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். உடனே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து, தேவையான டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த டிக்கை எடுத்துவிடலாம். சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம், அக்கவுன்ட் பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும்.

போட்ட பிறகு

இன்ஸ்டால் நடுவில் செக்யூர் பூட்டுக்காக ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லியிருந்தால், முதல் ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வரும். பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்டி, ‘என்ரோல் எம்ஓகே’ தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் அது கடந்துபோய்விடும். லினக்ஸ் வரும், ஆனால் என்விடியா போன்ற சில டிரைவர்கள் ஏறாது.

இனி ஆன் செய்யும்போதெல்லாம் க்ரப் என்ற பட்டியல் வரும். மேலே மின்ட், கீழே விண்டோஸ் பூட் மேனேஜர். இரண்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். மதியம் மூன்று மணிக்குக் காலை ஒன்பதரை என்று காட்டும். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது இந்திய நேரத்தின் ஐந்தரை மணி வித்தியாசம். டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிற மெஷினில் நேரம் தவறாக இருக்கவே கூடாது. லினக்ஸ் டெர்மினலைத் திறந்து, மறுபடி போனில் சொல்வதுபோல்: ‘டைம்’, ‘டேட்’, சி-டி-எல் மூன்றையும் இடைவெளி இல்லாமல் அடித்து, ஓர் இடைவெளி விட்டு ‘செட்’, ஹைபன், ‘லோக்கல்’, ஹைபன், ஆர்-டி-சி, இன்னோர் இடைவெளி விட்டு 1. எல்லாம் சின்ன எழுத்து. இனி லினக்ஸும் உள்ளூர் நேரத்தையே எழுதும்.

தமிழ் தட்டச்சுக்கு மின்ட்டின் ‘இன்புட் மெத்தட்’ பகுதியில் தமிழுக்கான ஐபஸ் தொகுப்பைப் போட்டுக்கொண்டால் தமிழ்99 வந்துவிடும்.

இரண்டு ஓஎஸ்ஸுக்கும் பொதுவான ஃபைல்களை என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் வையுங்கள். லினக்ஸ் அதைப் படிக்கும், எழுதும். விண்டோஸுக்கு எக்ஸ்ட்-4 புரியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பெயரில்லாத பார்ட்டிஷனாகத் தெரிவது உங்கள் லினக்ஸ்தான். வீட்டில் வேறு யாராவது வேண்டாத இடம் என்று நினைத்து அழித்துவிடாமல் சொல்லி வையுங்கள்.

ஒருநாள் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு க்ரப் வராமல் நேராக விண்டோஸ் வந்து நிற்கலாம். லினக்ஸ் அழிந்துவிடவில்லை, பூட் வரிசை மாறியிருக்கிறது. எஃப்12 தட்டிப் பாருங்கள். மின்ட் என்று தேடாதீர்கள், அந்தப் பட்டியலில் அதன் பெயர் ‘உபுண்டு’ என்றுதான் இருக்கும். பயாஸில் அதை மேலே ஏற்றிவிட்டால் சரியாகிவிடும். 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் மட்டும் இதைவிடப் பெரிய தொல்லை கொடுத்தது. செக்யூர் பூட் ஆனில் இருந்த பல டூயல் பூட் மெஷின்களில் பழைய லினக்ஸ் பூட் ஃபைலை ஏற்க மறுத்து, மெஷினே அணைந்துபோனது. அதனால் லினக்ஸ் பக்கத்து அப்டேட்டையும் தள்ளிப்போடாமல் போட்டுக்கொண்டே வாருங்கள், இன்ஸ்டால் செய்த பென்டிரைவையும் அழிக்காமல் வையுங்கள்.

லினக்ஸ் ஒத்துவரவில்லை, எடுத்துவிடலாம் என்று தோன்றினால் நேராகப் போய்ப் பார்ட்டிஷனை அழிக்காதீர்கள். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே வைத்து, விண்டோஸ் தானாக எழுகிறதா என்று பாருங்கள். லெகசி மெஷின் என்றால் விண்டோஸ் ரிப்பேர் பென்டிரைவால் பூட் பகுதியைச் சரிசெய்தாக வேண்டும், இல்லாவிட்டால் க்ரப் ரெஸ்க்யூ என்ற கறுப்புத் திரைதான் வரும். விண்டோஸ் ஒழுங்காக வருவது உறுதியான பிறகு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை டெலீட் செய்து, சி டிரைவில் ‘எக்ஸ்டென்ட் வால்யூம்’ கொடுங்கள். காலி இடம் சி டிரைவுக்கு அடுத்தாற்போல் ஒட்டி இருந்தால்தான் அது வேலை செய்யும். நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் வந்து உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் டி டிரைவ் ஒன்றைப் போட்டுக்கொள்வதே எளிது.